கரையில் இருப்பவருக்கே முதல் பயிற்சி

2016 மார்ச் மாதம் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் சேர்ந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்ததே காரணம். அதில் மீன் வளர்ப்போரின் குற்றம் ஏதுமில்லை. ஆனால் சாக்கடையே கலக்காத கிராமத்துக் குளத்திலும் பிராணவாயு குறைந்து மீன்கள் சாவதுண்டு. அங்கே தடுக்கும் வழி உண்டு. அதை அறிந்த ஆள் கரையில் இருக்க வேண்டும்.

பகல் வெயிலில் பாசியும் நீர்ச்செடிகளும் பிராணவாயுவைத் தருகின்றன. இரவில் அவையே அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் ஆபத்து அதிகம். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால் உடனே தீனியையும் சாண உரத்தையும் நிறுத்த வேண்டும். புது நீர் பாய்ச்ச வேண்டும். இல்லையேல் பம்பு வைத்துக் குளத்து நீரையே வாரி இறைக்க வேண்டும். தவறினால் ஓராண்டு உழைப்பும் போட்ட முதலும் ஒரே காலையில் போய்விடும்.

இது சிறிய தொழில் அல்ல. 2022-23ஆம் ஆண்டில் நாட்டில் கிடைத்த சுமார் 175 லட்சம் டன் மீனில், சுமார் 131 லட்சம் டன் உள்நாட்டு மீன். 2020இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். தனிநபர் திட்டங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் உதவி என்பது அதன் விதி. பணத்துக்கு வழி பிறந்திருக்கிறது. கைத்திறனுக்கு வழி என்ன?

ஒருகாலத்தில் கெண்டைக் குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் சுரப்பிச் சாறு ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து காட்டினர். அந்நாளே இன்று மீன் வளர்ப்போர் தினம். அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி 1969இல் மங்களூரில் தோன்றியது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு மையமும் உண்டு. அங்குள்ள அறிவு குளக்கரைக்கு வந்து சேர வேண்டும்.

மண்டபத்தில் சில நாள் சொற்பொழிவு, முடிவில் ஒரு சான்றிதழ் என்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். சுண்ணாம்பு இட்டுக் குளத்தைத் தயார் செய்வது, குஞ்சுகள் வந்த பையைச் சிறிது நேரம் குளத்தில் மிதக்கவிட்டுப் பிறகு திறப்பது, மாதந்தோறும் வலை வீசிச் சில மீன்களை நிறுத்துத் தவிடு, பிண்ணாக்கின் அளவைக் கணக்கிடுவது ஆகியவை கையால் கற்க வேண்டியவை. முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் நீர் அளவுக்கு மீறிப் பச்சையாகிவிட்டது, உரம் போடக்கூடாது என்பதை நீரில் கை விட்டுப் பார்த்தவரே அறிவார். மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் ரோகு, அடியில் மிர்கால் என்று கலந்து விட்டால் தீனி வீணாகாது, நீரும் கெடாது.

வகுப்புக்கு வருபவர் பெரும்பாலும் குத்தகைதாரர். இரவில் கரையில் படுத்திருப்பவரோ கூலிக்காரர். விடியற்காலை மீன் தவிப்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான். அவரை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சியால் பயனில்லை. குளம் தயாரிப்பதிலிருந்து அறுவடை வரை ஒரு பருவம் முழுவதும், கட்டம் கட்டமாகக் குளத்திலேயே பயிற்சி தரவேண்டும். அந்நாட்களுக்குக் கூலியும் தரவேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பாடம் கேட்க ஏழையால் முடியாது. கன்னடத்துடன், தமிழ்த் தொழிலாளர் உள்ள இடங்களில் தமிழிலும் சொல்லித்தருவது அவசியம்.

ஓய்வுபெற்றதும் ஊர் திரும்பி, சேமநல நிதியைக் கொண்டு ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று எண்ணுவோர் இங்கே உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் கட்டுமுன் ஒரு பருவமாவது வேறொருவர் குளத்தில் இறங்கி வேலை கற்பது நல்லது. மானியம் வழங்கும் அரசும் அதையே முதல் நிபந்தனையாக்கட்டும். கற்கும் வசதியையும் அரசே செய்து தரட்டும்.