தூண்டில் வளைவில் ஏணி எங்கே?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவர்கள் பார்த்திருப்பார்கள். காசிமேட்டைத் தாண்டினால் வலது கைப்பக்கம் கடல். பல இடத்தில் மணலே இல்லை. பாறாங்கல்தான். அதன் மேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள்.

"என்ன அண்ணே, மாட்டிச்சா?" என்று கேட்டால் பதில் வராது. மீன் ஓடிவிடும் என்ற பயம்!

கடலுக்குள் நீளும் இந்தக் கல் வரிசைக்கு அரசாங்கம் வைத்த பெயர் "தூண்டில் வளைவு". மீன் பிடிக்கக் கட்டியது அல்ல. கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டது.

மணல் எங்கே போச்சு?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. இந்தக் கடலில் வருஷத்தில் அதிக மாதம் மணல் தெற்கே இருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டே உட்காருகிற மணலில் வடசென்னையின் பங்கும் இருக்கிறது!

கரைவலை இழுக்க மணல் வேண்டும். கடலில் வலையைச் சுற்றிப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். கல்லில் நின்று அது நடக்காது. வலை போன இடத்தில் தூண்டில் வந்து உட்கார்ந்தது.

மீனுக்கும் கல் பிடிக்கும். இடுக்கில் பாசி வளரும், நண்டு அடையும். சின்ன மீன் மேய வரும். அதைத் தின்னப் பெரிய மீன் வரும். கெளுத்தி கிடைத்தால் குழம்பு. கொடுவா மாட்டினால் அன்றைக்குத் திருவிழா! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். கரையில் போடும் தூண்டிலுக்கு இல்லை.

வழுக்கினால்?

பாசி பிடித்த கல் வழுக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே கால் போனால் எடுப்பது கஷ்டம். கடல் அமைதியாக இருக்கும்போதே திடீரென்று பெரிய அலை வரும். எங்கோ தூரத்துக் கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை அது. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. படகுக்காரருக்கு அது போய்ச் சேரும். வேலை முடிந்து வந்து கல்லில் குந்தியிருக்கிற மெக்கானிக்குக்கும், அவர் பக்கத்தில் நிற்கிற ஸ்கூல் பையனுக்கும் யார் சொல்வது?

போலீசை விட்டு விரட்டலாம். சுலபம்தான். விரட்டினால் இருட்டிய பிறகு வருவார்கள். அது இன்னும் மோசம்.

ஆட்கள் உட்காரும் வளைவுகளில் மட்டுமாவது கல்லின் மேல் சமமாக ஒரு நடைமேடை போடலாம். பிடித்து ஏற ஓர் இரும்பு ஏணி, கயிறு கட்டிய மிதவை வளையம், ஒரு விளக்கு. எச்சரிக்கை நாளில் சிவப்புக் கொடி. லாரி லாரியாகக் கல் கொட்டுகிறவர்களுக்கு இது பெரிய செலவா?

தூண்டில்காரர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். அறுந்த தங்கூசி நரம்பைக் கல்லிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. ஜனவரி பிறந்த பிறகு பங்குனி ஆமை முட்டையிட வருவது இந்தக் கடல் வழியாகத்தான். அதன் கழுத்தில் சுற்றினால் ஆமை தப்பாது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கடல் முரடாகிவிடும். ஏணியும் கயிறும் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும்.