அண்ணன் முகாமில், மதினி காலனியில்

எங்கள் தெருவில் ஒரு மதினி இருக்கிறார். அண்ணன் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருசம். காஷ்மீர், சத்தீஸ்கர், மணிப்பூர் என்று மாறிக்கொண்டே இருக்கிறார். இடையில் எந்த மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் அங்கேயும் போக வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். கைதானோரில் உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களும் இருந்தார்கள். அன்றிரவு மதினி மகனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விடியும்வரை தூங்கவில்லை. மறுநாள் அண்ணன் போனில் பேசியபோது ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா லீவு கேப்பாவ, கெடைக்காது. கையில துப்பாக்கிய வச்சிக்கிட்டு நிம்மதியில்லாம நிப்பாவ. அதுக்குச் சொல்லாமலே இருந்துரலாம்" என்றார்.

படைவீரர் குடும்பங்களின் துயரம் என்றால் தனிமை, பிள்ளைகளின் ஏக்கம், கடன் ஆகியவற்றைப் பேசுகிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் வீரர் எல்லையைக் காப்பார், அவர் குடும்பத்தை ஊர் காக்கும் என்பது இந்தப் பேச்சுக்குள் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. எந்த ஊர்? கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் 1948-இல் அரசமைப்பு அவையிலேயே பதில் சொல்லிவிட்டார். காலனியில் சம்பளப் பணத்தில் ஒரு மாடி வீடு எழும்பினால் அதுவே சிலர் கண்ணை உறுத்துகிறது. அந்த வீட்டு ஆண் வருசத்தில் பெரும்பகுதி ஊரில் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ராணுவத்தில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை, மத்திய ஆயுதப் படைகளில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அரசு வேலைக்குத் திறந்திருக்கும் சில கதவுகளில் அது ஒன்று. அந்தப் படைகளில் 2018 முதல் 2022 வரை 654 பேர் தற்கொலை செய்துகொண்டதாக உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒவ்வொரு வீரரும் வருசத்தில் 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்வோம் என்று 2019-இல் அறிவித்தது. மதினி அந்த நூறு நாளை ஒரு வருசம்கூடப் பார்த்ததில்லை.

உயிரைக் கொடுத்தால் சாதி விலகுமா? 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்பூரில் கொல்லப்பட்ட இதே படையின் வீரர் ஒருவர், உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர், ஒடுக்கப்பட்ட நட் சாதியில் பிறந்தவர். அவர் உடலை எரிக்கப் பொது நிலத்தில் இடம் தர ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. மூவர்ணக்கொடி போர்த்திய உடலுக்கே இந்த நிலை என்றால், உயிரோடு தனியாக இருக்கும் மனைவிக்கு?

தோழர்களே, வீரவணக்கப் பதாகைகள் நமக்கு வேண்டாம். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளைக் கண்டறிந்து முன்கூட்டியே பாதுகாக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகள் மாநில அரசுக்குச் சொல்கின்றன. அந்தப் பகுதிகளில் தனித்து வாழும் படைவீரர் குடும்பங்களின் விவரம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். அவர்களுக்குக் குடும்பக் குடியிருப்பில் முன்னுரிமை தர வேண்டும். நூறு நாள் விடுப்பு உரிமையாக வேண்டும். பள்ளிகளில் சாதியை ஒழிக்க நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்த பரிந்துரைகளை முழுமையாக நிறைவேற்ற வேண்டும்.

மதினியின் மகன் இப்போது ஆறாம் வகுப்பு. அவன் பள்ளிவிட்டு வீடு திரும்பும்வரை மதினி வாசலில்தான் நிற்கிறார். அந்தக் காவலுக்கு எந்தப் படையிலும் விடுப்பு இல்லை.