செனோரீட்டாவுக்கு முறை இல்லை

மகேந்திரனின் 'ஜானி' (1980) படப் பாடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஸ். ஜானகியிடமும் ஜென்சியிடமும் நின்றுவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை, ஐந்து பாடல்களில் நான்கு பெண் குரலில் அமைந்தவை. எஞ்சியது எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'செனோரீட்டா'. இளையராஜா இசையமைத்த இந்தச் சரசப் பாடலை இலக்கிய நண்பர்கள் 'ஜாலிப் பாட்டு' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மணமாகாத பெண்ணை விளிக்கும் ஸ்பானியச் சொல் அது. படத்தில் வித்யாசாகர் ஒரு முடிதிருத்துநர், கஞ்சன். பாமா அவன் வீட்டில் வேலைக்கு வந்தவள். தமிழில் அவளை அவன் எப்படி அழைப்பான்? நம் விளிச்சொற்கள் உறவையும் வயதையும் தகுதியையும் சுமந்தே வருகின்றன. செங்கற்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கேலி பேசுவதற்கும் முறை வேண்டும். அத்தை மகளிடம் சிரிப்பை வரவழைக்கும் சொல், முறையற்ற இடத்தில் வம்பாகிவிடும். செனோரீட்டாவுக்கு முறை இல்லை, சாதி இல்லை. எசமானன், வேலைக்காரி என்ற மேல்கீழும் இல்லை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருக் கடைக்காரர்கள் அரைகுறைப் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் பயணிகளை அழைத்துச் சிரிக்கும்போதும் இதே கட்டவிழ்ப்பைக் காணலாம். அந்நியச் சொல் நாவுக்குச் சற்று விடுமுறை தருகிறது.

இதை ஃபிளமெங்கோ இலக்கணத்துக்கு உட்பட்ட பாடல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபிளமெங்கோ வழிவந்த வெகுசனப் பாடல்களின் குதூகலத்துக்கு இது உறவுதான். கோர்தோபாவைச் சேர்ந்த ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் ஒருவரின் மகள்கள் மூவர், 'லாஸ் கெட்சப்' என்ற பெயரில் 2002-இல் பாடிய 'அசெரெஹே'யை உலகமே பாடியது. அதன் பல்லவிக்குப் பொருளே கிடையாது. ஓர் ஆங்கிலப் பாடலைத் தவறாகக் கேட்டவனின் உளறல் அது. நம் கடற்கரையின் 'ஏலேலோ'வுக்கு எந்த அகராதியில் பொருள் தேடினோம்?

பின்னர் பாமா வசதியான ஒருவனுடன் போய்விடுகிறாள். வித்யாசாகர் இருவரையும் கொல்கிறான். ஆகவே இப்பாடல் வரப்போகும் துயரின் முரண்நகை என்று ஒரு வாசிப்பு சாத்தியம். புத்திசாலித்தனமான வாசிப்புதான். எனினும் மகிழ்ச்சி, துயருக்குச் சாட்சி சொன்னால்தான் இலக்கியத்தில் அதற்கு இடம் உண்டு என்று அது கருதுகிறது. நவீனத் தமிழ் வாசகரின் பழக்கம் இது. நம் மரபு அப்படிக் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் உவகையையும் ஒன்றாக வைத்தார். அந்த உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் ஒன்றாக விளையாட்டைச் சொன்னார். அதற்கு வேறு நியாயம் எதையும் அவர் கேட்கவில்லை.

பாமா போனது உண்மை. அந்தப் பாடல் ஒலிக்கும்வரை கஞ்சனான வித்யாசாகர் கணக்குப் பார்க்காமல் மகிழ்ந்ததும் உண்மை. முடிந்துபோனது என்பதற்காக ஒரு மகிழ்ச்சி பொய்யாகிவிடாது.