கோப்பையில் இருப்பதும் குருதியில் சேர்வதும்

தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் வாசகங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. முன்னர் சுவையும் நிறமும் மணமும் பேசப்பட்டன. இன்று ஆரோக்கியம் பேசப்படுகின்றது. ‘ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்தது’ என்னும் வாசகம் தேயிலையுடன் நின்றுவிடவுமில்லை. சொக்லேட், மாதுளைச் சாறு, மஞ்சட் குளிசை, கறுவாப் பொடி என்று பலவற்றின் மேலும் அது ஒட்டப்பட்டுவிட்டது. இவை எல்லாவற்றின் பின்னாலும் நிற்பது பொலிபீனோல்கள் எனப்படும் தாவரச் சேர்வைகளின் பெருங்கூட்டம். பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களும் அவற்றின் புகழ் பாடியே நிரம்புகின்றன. ஆனால் எளிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே விடப்படுகின்றது. கோப்பையில் எவ்வளவு இருக்கின்றது என்று சொல்கின்றீர்கள். குருதியில் எவ்வளவு சேர்கின்றது?

இக்கேள்விக்கு அறிவியலில் விடை உண்டு. விளம்பரங்களுக்கு அது உவப்பான விடையன்று.

தாவரங்களில் உள்ள பொலிபீனோல்களிற் பல, வெல்ல மூலக்கூறுகளுடன் பிணைந்தே காணப்படுகின்றன. வெங்காயத்திலுள்ள குவர்செற்றின் இதற்கு நல்ல உதாரணம். அந்த வெல்லம் கழற்றப்பட்டாலன்றி அது குடற்சுவரை எளிதிற் கடப்பதில்லை. பாலிலுள்ள வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் அதே இலற்றேசு நொதியமே சிறுகுடலில் இந்த வேலையின் ஒரு பகுதியையும் செய்கின்றது. தேயிலையிலுள்ள கற்றெக்கின்களுக்கு வெல்லப் பிணைப்பு இல்லை. ஆயினும் அவற்றிலும் சிறு பகுதியே உட்செல்கின்றது. நாம் உட்கொள்ளும் பொலிபீனோல்களில் நூற்றுக்குப் பத்து அளவில் மட்டுமே சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன என்பதே ஆய்வாளர்கள் பொதுவாகக் கூறும் மதிப்பீடு. எஞ்சியவை பெருங்குடலைச் சென்றடைகின்றன.

உட்சென்ற சிறு பகுதியும் சென்ற உருவில் இருப்பதில்லை. உடல் அதனை ஊட்டமாகக் கருதுவதில்லை. மருந்தையோ நஞ்சையோ எதிர்கொள்வது போல அந்நியப் பொருளாகவே நடத்துகின்றது. குடற்சுவரும் ஈரலும் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேற்றையோ பிணைத்து, நீரிற் கரையக்கூடியதாக்கி, சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேற்ற முனைகின்றன. தேநீர் அருந்தி ஓரிரு மணித்தியாலங்களில் குருதியில் உச்சத்தைத் தொடும் கற்றெக்கின்கள், அதன் பின்னர் விரைவாகவே குறைந்து போகின்றன. அந்த உச்சமும் மிகச் சிறியது. நமது குருதியில் இயல்பாகவே உள்ள யூரிக் அமிலமும் ஓர் ஒட்சியேற்ற எதிரிதான். அதன் செறிவு இப்பொலிபீனோல்களின் செறிவைவிட நூறு மடங்குக்கும் மேலானது. அவ்வாறிருக்க, ஒரு கோப்பைத் தேநீர் நமது குருதியைக் ‘கழுவித் தூய்மையாக்கும்’ என்று எழுதுவது எந்தக் கணக்கில் சேரும்?

பெருங்குடலில் நிகழ்வது வேறொரு கதை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் இச்சேர்வைகளை உடைத்துப் புதிய சிறு மூலக்கூறுகளை ஆக்குகின்றன. அவற்றிற் பல குருதியில் நன்கு சேர்கின்றன. மாதுளையிலிருந்து யூரோலித்தின்களும் சோயாவிலிருந்து ஈக்குவோலும் உண்டாவது இவ்வாறே. ஆனால் எல்லோரது குடலிலும் அதற்கேற்ற பற்றீரியாக்கள் இருப்பதில்லை. ஈக்குவோலை ஆக்க வல்லவர்கள் மேலை நாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. யப்பானில் பாதிக்கும் சற்றுக் கூடுதலானோர். ஒரே மாதுளையை இருவர் பகிர்ந்துண்டாலும் இருவரும் பெறும் பயன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘எல்லோரும் உண்ணுங்கள், எல்லோருக்கும் நன்மை’ என்ற அறிவுரை இந்த இடத்திலேயே தடுமாறுகின்றது.

இந்த மயக்கம் புதியதன்று. 1936ஆம் ஆண்டில், விற்றமின் சி ஆய்வுகளுக்காகப் பெயர் பெற்ற ஹங்கேரிய விஞ்ஞானி அல்பேர்ட் சென்ற்-கியோர்கி, இச்சேர்வைகளுக்கு ‘விற்றமின் பி’ என்ற தகுதியை வழங்கினார். (இது பி கூட்ட விற்றமின்களிலிருந்து வேறானது.) அவை இல்லாமற் போனால் நோய் வரும் என்பது நிறுவப்படாமையால் அத்தகுதி பின்னர் கைவிடப்பட்டது. அண்மைக்காலத்தில் உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலைப் பரிசோதனைக் குழாயில் அளந்து புள்ளிகள் வழங்கும் முறை பரவியது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் அப்புள்ளிகளின் அட்டவணையையே வெளியிட்டிருந்தது. 2012இல் அதே திணைக்களம் அந்த அட்டவணையை விலக்கிக் கொண்டது. குழாயில் அளக்கப்பட்ட ஆற்றலுக்கும் மனித உடலில் ஏற்படும் விளைவுக்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை என்பதும், உற்பத்தியாளர்கள் அப்புள்ளிகளைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அட்டவணை போயிற்று, அதிலிருந்து பிறந்த விளம்பரங்கள் போகவில்லை.

பொலிபீனோல்களால் பயனே இல்லை என்று வாதிடுவது எனது நோக்கமன்று. கொக்கோவிலுள்ள பிளவனோல்களை 21,000க்கு மேற்பட்ட முதியோரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கையில் உறுதியான குறைவு காணப்படவில்லை. ஆயினும் இருதய நோயால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்திருந்தன. மேலும் ஆராயத்தக்க செய்தி இது. கொண்டாடத்தக்க செய்தியாக இன்னும் ஆகவில்லை.

நமது மஞ்சளின் கதையும் இதுவே. அதிலுள்ள குர்குமின் தனித்து உட்கொள்ளப்படும்போது குருதியில் மிக அரிதாகவே தென்படுகின்றது. மிளகிலுள்ள பிப்பெரினுடன் சேர்த்துக் கொடுத்தால் 20 மடங்கு கூடுகின்றது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். உடனே ‘நம் முன்னோர் அறிந்தே இரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்த்தனர்’ என்ற பெருமிதம் எழுந்தது. மிகச் சிறியதொன்று 20 மடங்கானாலும் சிறியதாகவே இருக்கலாம் என்பதை எவரும் கூறவில்லை. ஈரலின் வெளியேற்றும் தொழிலைத் தடுத்தே மிளகு இதனைச் செய்கின்றது. அதே தடை வேறு மருந்துகளையும் உடலில் தேக்கக்கூடும். சமையலில் இடும் அளவு அச்சந்தருவதன்று. செறிவூட்டிய குளிசைகள் வேறு. பச்சைத் தேயிலைச் சாற்றின் முக்கிய கற்றெக்கினைக் குறைநிரப்பியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொள்வது ஈரற் பாதிப்பின் அறிகுறிகளுடன் தொடர்புற்றுள்ளதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018இல் எச்சரித்தது.

இனி, நம்மவர் அதிகம் பேசாத பக்கத்துக்கு வருகின்றேன். உறிஞ்சப்படாத பொலிபீனோல் குடலில் வாளாவிருப்பதில்லை. தாவர உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிப் பிடித்துக் கொள்கின்றது. உணவோடு சாயம் மிகுந்த தேநீர் அருந்தினால் அவ்விரும்பின் உறிஞ்சல் பாதிக்கும் கீழாகக் குறையலாம் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. வைக்கோற் போரில் படுத்த நாய் போல, தானும் உட்செல்லாது, இரும்பையும் உட்செல்ல விடாது.

இதனால் அதிகம் இழப்பவர் யார்? மீனும் இறைச்சியும் உண்டு, மாலையில் ஒரு கோப்பை அருந்தும் இலண்டன்வாசியல்லர். றொட்டியும் சம்பலும் உண்டு, அதனுடனேயே தேத்தண்ணி குடித்து மலையேறும் நமது தோட்டத் தொழிலாளப் பெண்தான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். இத்தகைய வறுமைக்குத் தேநீர் காரணமன்று. சம்பளமே முதற் காரணம். ஆனால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விடுங்கள், சம்பலில் தேசிக்காய்ப் புளி சேருங்கள் என்ற செலவில்லாத அறிவுரையாவது லயன் அறைகளைச் சென்றடைய வேண்டாமா? தேயிலையின் மேன்மையை உலகெங்கும் பறைசாற்றும் துறை, அதனைக் கொய்பவளிடம் இவ்வளவையேனும் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

பத்திரிகைத் துறையின் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அத்தகைய செய்தி மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அளந்தது குழாயிலா, மனித உடலிலா? உட்கொண்டது உணவா, குளிசையா? எவருக்கு நன்மை, எவருக்குத் தீமை? மூன்றுக்கும் விடையில்லாத செய்தி விளம்பரப் பகுதிக்குரியது. அதற்கான கட்டணத்தை அறவிட்டுக்கொண்டு அங்கேயே பிரசுரியுங்கள்.