போட்டோகொப்பி கேர் பிளான்

என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளையொன்று இப்போது தாதியர் கல்லூரியில். லீவில் வந்தவள், பரீட்சைக்குப் பாடமாக்கும் கேர் பிளான்களைக் காட்டினாள். எல்லாம் சீனியர்மாரின் போட்டோகொப்பி. "சேர், இதுதான் வரும்" என்றாள். காய்ச்சல் நோயாளிக்கு எழுதிய 'நிறைய நீராகாரம் கொடுத்தல்' என்ற வரி, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய சிறுநீரக நோயாளியின் பிளானிலும் அப்படியே கிடந்தது.

பரீட்சையில் ஒரு புள்ளி போகும். வார்டில்?

அவளை ஏசி என்ன பயன்? பாடமாக்கப் பழக்கியது நாங்கள்தானே. நியூமோனியா என்பது டொக்டர் எழுதுவது. சளியை வெளியேற்ற முடியாமல் நோயாளி மூச்சுக்குத் தவிப்பதுதான் தாதி எழுத வேண்டிய பிரச்சினை. அதைக் கட்டிலருகே நின்றால்தான் காணலாம்.

பிள்ளைகளே, கொப்பியை மூடிவிட்டு, நேற்றுப் பார்த்த நோயாளிக்கு நீங்களே ஒரு பிளான் எழுதுங்கள். பழைய வினாத்தாள் அதற்குப் பிறகு.