துர்நடத்தை எது?

‘மிஸ்பிஹேவியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் வழங்குகிறார்; நாட்டின் அரசியலமைப்பும் வழங்குகிறது. வகுப்பிலே பேசிச் சிரித்த பையனுக்கு அதனால் போவது அரை நாள் விளையாட்டு. உயர் நீதிமன்ற நீதியரசருக்கோ பதவியே போய்விடும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரைப்படி, நிரூபிக்கப்பட்ட துர்நடத்தைக்கோ இயலாமைக்கோ அன்றி நீதியரசரை நீக்கலாகாது. துர்நடத்தை இன்னதென்று அங்கே விளக்கம் இல்லை. ஆகவே பாரம் முழுவதும் ‘நிரூபிக்கப்பட்ட’ என்ற சொல்லின் தலையிலேயே விழுகிறது.

அச்சொல் பட்ட பாட்டை நாம் அறிவோம். மாகாண சபைகளின் அதிகாரங்களைத் தொட்ட ‘வாழ்வின் எழுச்சி’ச் சட்டமூலத்தை அச்சபைகளுக்கு அனுப்பாமல் நிறைவேற்றலாகாதென்று 2012இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. வட மாகாணத்துக்கு அப்போது தெரிவான சபையே கிடையாது. அவ்வாண்டு நவம்பரிலே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கா மீது 117 உறுப்பினர் ஒப்பமிட்ட 14 குற்றச்சாட்டுகள் எழுந்தன. விசாரித்த குழுவின் பதினொருவரில் எழுவர் ஆளுங்கட்சியினர். எதிர்க்கட்சியினர் நால்வரும் வெளியேறினர். நீதியரசரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டத்தாலேயே வழங்கப்படவேண்டும், நிலையியற் கட்டளை போதாது என்று 2013 ஜனவரி 1இல் உயர் நீதிமன்றம் பொருள் விளக்கியது. பாராளுமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. 11ஆந் தேதி 155 வாக்குகள். 13ஆந் தேதி பதவி நீக்கம்.

அம்மையார் குற்றவாளியா என்று தீர்ப்புக்கூற நாம் வரவில்லை. நிரூபித்தவர் யார் என்பதே எமது கேள்வி.

இந்திய அரசியலமைப்பிலும் இதே சொற்கள்தாம் உள்ளன. ஆனால் அங்கே விசாரணையை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிபதிகளும் சட்ட அறிஞரும் அடங்கிய மூவர் குழு நடத்துகிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியின் மேல் அத்தகைய குழு குற்றங்கண்டும், 1993இல் காங்கிரஸ் உறுப்பினர் வாக்களியாது ஒதுங்கியதால் அவர் தப்பினார். அங்கே நிரூபித்தும் நீக்கவில்லை. இங்கே முறையாக நிரூபிக்காமலே நீக்கினர்.

சாய்ந்தமருது வயற்காரர், வட்டை விதானை தண்ணீரைத் தம் உறவினர் வயலுக்கே திருப்பினார் என்று குறை சொன்னால், அவரோடு வரப்புத் தகராறு உள்ளவரை நடுவராக வைக்க எந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டமும் ஒப்பாது. மதகின் காவலுக்குள்ள இந்த நியாயம் நீதியின் காவலுக்கு வேண்டாமா? பாராளுமன்றம் வாக்களிக்கட்டும், அதற்குமுன் குற்றத்தை ஆராய்வது சட்டத்தால் அமைந்த, கட்சி சாராத தீர்ப்பாயமாக இருத்தல் வேண்டும்.

2015 ஜனவரி 28இல் அம்மையார் மீண்டும் ஆசனம் ஏறினார்; மறுநாளே ஓய்வுபெற்றார். ‘வாழ்வின் எழுச்சி’ச் சட்டமூலமோ, அவர் நீக்கப்பட்ட அதே வாரத்தில், 2013 ஜனவரி 8இலேயே நிறைவேறிவிட்டது.