திருப்புகழ் ராப் அல்ல



ராப் பாட்டைக் கண்டுபிடித்ததே அருணகிரிநாதர்தான், தமிழனாக இருந்தால் பகிரவும் என்று ஒரு செய்தி மூன்று நாளில் ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. அனுப்பியவர்களில் நான்கு பேர் என் மாணவர்கள், ஒருவன் என் தங்கை மகன். நான் பகிரவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தம் நடத்தும்போது உங்களைச் சிரிக்க வைக்க, "இந்த ராப்பெல்லாம் நம்ம திருப்புகழ்ல இருந்து போனதுதான்டா" என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது தவறு. இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருப்புகழைக் கேட்டால் ராப் நினைவுக்கு வரலாம். ஆனால் ஒன்றைப் போல இருப்பது வேறு, ஒன்றிலிருந்து பிறப்பது வேறு.

ஹிப் ஹாப் பிறந்த இடத்துக்குக் கதவு எண்ணே இருக்கிறது: நியூயார்க், பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. 1973 ஆகஸ்ட் 11. பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, சிண்டி கேம்பல் என்ற பெண் அந்த அடுக்குமாடியின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டவர் அவள் அண்ணன் கிளைவ், ஜமைக்காவிலிருந்து குடிவந்தவர். உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறியும். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் உற்சாகமாக ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த நொடிகளை நீட்டினார். அதன்மேல் மைக்கில் பேச்சு ஏறியது. நடுவே நெடுஞ்சாலை போட்டுப் பிளக்கப்பட்டு, கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்த ஊரில், கையில் காசில்லாத கறுப்பின, கரீபிய, புவேர்ட்டோ ரிக்க இளைஞர்கள் உண்டாக்கிய கலை இது.

அவர்களிடமிருந்து பறித்தவர்கள் ஏற்கெனவே நிறைய. 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' ஊரெங்கும் ஒலித்தது. அதில் ஒருவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற இளைஞரின் நோட்டிலிருந்து எடுத்தவை. கேஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல் பாடிவிட்டார்! பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய பதிவெண்ணையும் சேர்த்து எழுதியது போல. அந்தப் பாட்டின் மெட்டுக்கு அடித்தளம் 'ஷிக்' குழுவினுடையது. அவர்கள் வழக்கு என்று மிரட்டியதும் இசையமைத்தவர்களாக அவர்கள் பெயர் சேர்ந்தது. மிரட்ட வழியில்லாத கேஸின் பெயர் சேரவில்லை.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்டும் அப்படித்தான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் வாசித்த சில நொடித் தாளம் நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகளுக்கு அடிப்படை. படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. 2017இல் இறந்தார்.

இத்தனை பேர் எடுத்தது போதாதென்று, நாமும் போய் "எல்லாம் எங்களுடையது" என்கிறோம்.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' எழுதிப் பாடிய அறிவின் முகம் ஓர் இசை இதழின் அட்டையில் இல்லை என்றபோது, எழுதியவன் எங்கே என்று இதே குழுக்களில் நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. அதே தராசில் நம்மையும் நிறுக்க வேண்டாமா?

அப்படியானால் தமிழில் ராப் பாடக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாடுங்கள். மலேசியாவின் யோகி பி 2006இல் 'வல்லவன்' தந்தபோது தமிழும் வளர்ந்தது, ராப்பும் வளர்ந்தது. பாடுவதற்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. யாரிடம் கற்றோம் என்று சொன்னால் போதும்.

அருணகிரியாருக்கு இரவல் பெருமை தேவையில்லை. அவரை உயர்த்த விரும்புகிறவர்கள் இன்று ஒரு திருப்புகழையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

மருமகனே, அந்தச் செய்தியை நீயே அழித்துவிடு. மற்றவர்கள் கோபமிருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சந்திப்பிழை இருந்தால் அதையும் திருத்துவேன்.

உங்கள் தமிழய்யா